மாலை நேர நோயாளர் பதிவேடு: மட்டக்களப்பு, கல்முனைப் பகுதியில் வாராந்த நோய்ப் போக்கைக் கணிப்பது எப்படி

அரச வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவு பிற்பகல் நான்கு மணியளவில் ஓய்ந்ததும் காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று பிரதான வீதிகளில் தனியார் சிகிச்சை நிலையங்கள் திறக்கின்றன. கூலி வேலை முடித்து வருபவர், பாடசாலை விட்டு வந்ததும் உடம்பு சுட்ட பிள்ளை, பகலில் கடையை விட்டு நகர முடியாத வியாபாரி எல்லோரும் இரவு ஒன்பது மணி வரை அங்கேதான் காத்திருக்கிறார்கள். ஒரு காய்ச்சல் ஊருக்குள் நுழைந்தால் அதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் மாலை நேர வைத்தியர்தான்.

அரசின் அட்டவணைக்கு அதே காய்ச்சல் போய்ச் சேரும் வழி நீளமானது. நோயாளி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகிறார். அங்கிருந்து அறிவித்தல் அட்டை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குச் சென்று உறுதிப்படுத்துகிறார். பணிமனையின் வாராந்தத் திரட்டு கொழும்புக்குப் போகிறது. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கையில் அந்த நோயாளி ஓர் எண்ணாகத் தெரியும்போது, அவர் குணமாகி வேலைக்குத் திரும்பியிருப்பார். அவருடைய தெருவில் இன்னும் பலர் விழுந்திருப்பார்கள். இடையில் போகும் இந்த வாரங்களை மீட்க ஒரு சீ.ஆர். கொப்பியும் நாளுக்குச் சில நிமிடங்களும் போதும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது புதிய யோசனை அல்ல. இங்கிலாந்தில் இரவிலும் வார இறுதியிலும் பணியாற்றும் குடும்ப வைத்தியர்களின் நோயாளர் தரவை நாளாந்தம் திரட்டி, வாரந்தோறும் அறிக்கையாக வெளியிடுகிறார்கள். மூச்சுத்தொற்று, இளைப்பு, வாந்தி, வயிற்றோட்டம் என்று அறிகுறி வாரியாகவே எண்ணுகிறார்கள். ஆய்வுகூட முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. அங்கே கணினி செய்வதை இங்கே கையால் செய்யலாம்.

படி 1: வாரத்தை நிர்ணயியுங்கள்

சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையும் சனி முதல் வெள்ளி வரையே கணக்கிடுகிறது. திங்கள் முதல் ஞாயிறு என்று நீங்கள் தனி வாரம் வைத்தால், பின்னர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடியாது. ஒவ்வொரு வாரத்துக்கும் கொப்பியில் ஒரு பக்கம். பக்கத்தின் மேலே தேதிகளும், அந்த வாரம் சிகிச்சை நிலையம் எத்தனை மாலைகள் திறந்திருந்தது என்பதும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது எண்ணின் அருமை நான்காம் படியில் தெரியும்.

படி 2: நோயின் பெயரை விட்டு, முறைப்பாட்டை எண்ணுங்கள்

முதல் நாள் காய்ச்சலில் டெங்கு எது, இன்புளுவென்சா எது, எலிக்காய்ச்சல் எது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நோயின் பெயரை எழுத முயன்றால் பாதி இடங்கள் வெறுமையாகவோ ஊகமாகவோ நிற்கும். நோயாளி சொல்வதும் நீங்கள் கண்ணால் காண்பதும் மட்டும் போதும். எங்கள் பகுதிக்குப் பொருத்தமானவை என்று நான் கருதும் நிரல்கள் இவை:

தடிமன் அல்லது இருமலோடு காய்ச்சல்; சளியோ இருமலோ இல்லாத வெறுங்காய்ச்சல்; மூட்டு நோவோடு காய்ச்சல்; முட்டு அல்லது இளைப்பு; வயிற்றோட்டம் அல்லது வாந்தி; இரத்தம் கலந்த வயிற்றுளைவு; கண்ணிலோ தோலிலோ மஞ்சள்; கொப்புளம் அல்லது தோல் தடிப்பு; கண்நோய். கடைசியாக, மற்றவை எல்லாம்.

தடிமனோடு வரும் காய்ச்சலையும் வெறுங்காய்ச்சலையும் எக்காரணம் கொண்டும் ஒரே நிரலில் சேர்க்காதீர்கள். இன்புளுவென்சா முதல் நிரலை உயர்த்தும். டெங்கும் எலிக்காய்ச்சலும் பெரும்பாலும் இரண்டாவதை உயர்த்தும். மார்கழியில் இரண்டும் ஒரே நேரத்தில் வரும்போது இந்தப் பிரிப்புத்தான் உங்களுக்கு வழி காட்டும். மூட்டு நோவுக்குத் தனி நிரல் எதற்கு என்று கேட்பவர்கள் 2006ஆம் ஆண்டின் இறுதியை நினைத்துப் பார்க்க வேண்டும். நெடுங்காலம் கேள்விப்படாதிருந்த சிக்குன்குனியா அப்போது மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வீடு வீடாகப் பரவியது. நடக்க முடியாமல் கைத்தாங்கலாக வந்தவர்களைப் பார்த்த வைத்தியர்களுக்கு, பெயர் தெரியும் முன்பே வழமைக்கு மாறான ஒன்று நடப்பது தெரிந்திருக்கும். அதை எண்ணி எழுத ஓர் இடம் இருக்க வேண்டும்.

'மற்றவை' நிரலைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள். நீரிழிவு, முதுகு நோவு, காயம் என்று வரும் அத்தனை பேரும் அதில் ஒரு கோடாக விழுந்தால்தான் வாரத்தின் மொத்தம் கிடைக்கும்.

படி 3: எழுதுபவர் யார்?

வைத்தியர் எழுத வேண்டியதில்லை. எழுத நேரமும் இருக்காது. நோயாளர் துண்டில் வைத்தியர் நிரலின் எண்ணை மட்டும் ஓர் ஓரத்தில் இடலாம். மருந்து கொடுக்கும் உதவியாளர் அதைப் பார்த்துக் கொப்பியில் ஒரு கோடு போடுவார். ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போட்டால் இரவில் கூட்டுவது எளிது.

காய்ச்சலோடும் வயிற்றோட்டத்தோடும் வருபவர்களுக்கு மட்டும் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு சிறு வரி: வயது, ஊர் அல்லது கிராம சேவகர் பிரிவு, நோய் தொடங்கி எத்தனையாம் நாள். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் இந்தக் கொப்பியில் வரக் கூடாது. நோயாளியின் விவரம் அவருடைய சிகிச்சைக் குறிப்பில் இருக்கட்டும். கொப்பி மேசையில் திறந்து கிடந்தாலும் யாருடைய வருத்தமும் அடுத்தவருக்குத் தெரியாதபடி இருக்க வேண்டும். ஊர் சிறியது என்பதால் இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

படி 4: எண்ணிக்கையை அல்ல, பங்கைப் பாருங்கள்

ஓர் உதாரணக் கணக்கு. ஒரு வாரம் ஆறு மாலைகளில் 240 பேர் வந்தார்கள். அவர்களில் 36 பேருக்குத் தடிமனோடு காய்ச்சல். அடுத்த வாரம் பெருநாளுக்காக இரண்டு மாலைகள் மூடியதால் மொத்தம் 160 பேர்; தடிமன் காய்ச்சல் 32. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் நோய் குறைகிறது என்பார். மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள்: 15 விழுக்காடு 20 ஆகியிருக்கிறது. நோய் ஏறுகிறது.

விழுக்காட்டை வாரந்தோறும் ஒரு வரைபுத்தாளில் புள்ளியாக இடுங்கள். ஒரு வாரத்தின் புள்ளியை நம்பி எதுவும் முடிவு செய்ய வேண்டாம். இந்த வாரம், போன வாரம், அதற்கு முந்திய வாரம் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்த சராசரியை இன்னொரு நிறத்தில் வரையுங்கள். சிறிய சிகிச்சை நிலையத்தில் ஒரே குடும்பத்திலிருந்து நான்கு பேர் வந்தாலே கோடு துள்ளும். சராசரி அந்தத் துள்ளலை அடக்கும். இரத்த வயிற்றுளைவு, மஞ்சள் நிறம் போன்ற அரிய நிரல்களுக்கு இந்த விழுக்காடும் சராசரியும் தேவையில்லை. அங்கே ஒவ்வொருவரும் முக்கியம். எண்ணிக்கையையும் ஊரையும் பாருங்கள்.

படி 5: தவறான முடிவுக்கு இட்டுச் செல்பவற்றை அறிந்திருங்கள்

நோன்பு மாதத்தில் காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பகுதிகளில் மாலைக் கூட்டம் தராவீஹ் தொழுகைக்குப் பிறகுக்கு நகர்ந்துவிடும். நோன்பு வைத்திருப்பவர் சிறிய தடிமனுக்கு வைத்தியரிடம் வருவதைப் பிற்போடுவார். பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி வாரங்களில் மூடும் நாள்கள் கூடும். திறக்கும் முதல் மாலையில் கூட்டம் அலைமோதும். நீண்ட விடுமுறையில் வெளிநோயாளர் பிரிவு இயங்காவிட்டால் அந்தச் சுமையும் உங்களிடமே வரும். இவை நோயின் ஏற்ற இறக்கங்கள் அல்ல. அந்த வாரப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, காரணத்தை எழுதி வையுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மாலைச் சிகிச்சை நிலையங்கள் ஏறத்தாழ எல்லாம் வாவியின் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையில் இருக்கின்றன. வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையில் வயல் செய்பவர், மாலையில் வாவியைக் கடந்து வந்தால் திரும்பிப் போகப் பஸ் இருக்காது என்று பகலிலேயே அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலைக்குப் போய்விடுவார். அல்லது இரண்டு பனடோலோடு படுத்துவிடுவார். ஆகவே எலிக்காய்ச்சல் உங்கள் கொப்பியில் தெரியவில்லை என்பதற்காக வெல்லாவெளியிலும் வவுணதீவிலும் அது இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். மாரியில் இது மேலும் கூடும். கிரான் – புலிபாய்ந்தகல் வீதி நீரில் மூழ்கினால் அப்பால் உள்ள ஊர்களிலிருந்து ஒருவரும் வர முடியாது. கொப்பியில் அந்த ஊர்ப் பெயர்கள் காணாமற்போவதே ஒரு செய்தி. வழக்கமாக வரும் ஊர் இரண்டு வாரம் வராவிட்டால், பாதை எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள்.

படி 6: எங்கள் ஊரின் நோய் நாட்காட்டி

எண்களைப் படிக்க, எந்த மாதத்தில் எதை எதிர்பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். தென்மேற்குப் பகுதிக்குச் சரியான நாட்காட்டி எங்களுக்குச் சரிவராது. எங்களுக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்கிறது. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசி நிலம் வறண்டு கிடக்கும்.

மழையையும் டெங்கையும் எடுத்துக்கொள்வோம். நுளம்பின் முட்டை காய்ந்த பாத்திரத்தின் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முதல் மழை நீர் பட்டதும் பொரித்து, ஒன்றரை வாரத்துக்குள் நுளம்பாகப் பறக்கும். அது டெங்கு நோயாளி ஒருவரைக் கடித்தால், வைரஸ் அதன் உடலில் பெருகிப் பிறருக்குத் தொற்றும் நிலைக்கு வர 8 முதல் 12 நாள்கள். கடிபட்ட அடுத்தவருக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள்கள். எல்லாவற்றையும் கூட்டினால் மழை தொடங்கி ஒரு மாதமோ, ஒன்றரை மாதமோ. ஐப்பசி நடுவில் மழை பிடித்தால் கார்த்திகை இறுதியிலேயே வெறுங்காய்ச்சல் நிரல் அசையத் தொடங்க வேண்டும். மார்கழி, தை, மாசி மாதங்கள் உச்சம். எனவே மழை தொடங்கிய நாளைக் கொப்பியில் குறித்து வையுங்கள். இந்தக் காலத்துக்கு வெளியே ஏறாது என்ற உறுதியும் இல்லை: 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு மூண்டபோது கிழக்கு முழுவதும் கலங்கியது. அந்த ஆண்டு நாடு முழுவதும் பதிவான டெங்கு நோயாளர் 1,86,101 பேர்.

இன்புளுவென்சாவுக்கு இலங்கையில் இரண்டு பருவங்கள் உண்டு: ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, நவம்பர் முதல் ஜனவரி வரை மற்றொன்று. இரண்டாவது பருவம் எங்கள் டெங்குக் காலத்தோடு மோதுகிறது. தடிமன் நிரல் ஏறும்போது எல்லாக் காய்ச்சலையும் வைரஸ் காய்ச்சல் என்று அனுப்பிவிடும் பழக்கம் அந்த வாரங்களில்தான் ஆபத்தானது.

எலிக்காய்ச்சல் வயல் வேலையோடு வரும். பெரும்போக விதைப்பு ஐப்பசி, கார்த்திகையில். அறுவடை தை முதல் பங்குனி வரை. சேற்றிலிருந்து காய்ச்சல் வரை பொதுவாக 5 முதல் 14 நாள்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் இருந்தால், "வயலுக்குப் போனீர்களா, வாய்க்காலில் இறங்கினீர்களா?" என்று கேட்டே ஆக வேண்டும். நீரிழிவுள்ள விவசாயிக்கு மாரியில் காய்ச்சல் நீண்டாலோ சீழ்க்கட்டி வந்தாலோ மண்ணிலும் நீரிலும் வாழும் பற்றீரியாவால் வரும் மீலியொய்டோசிஸை நினைத்து, இரத்த வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புங்கள்.

கோடையில் வயிற்றோட்டம் கிணறு வற்றும் ஊர்களில் தலைகாட்டும். ஆடியில் கதிர்காமப் பாதயாத்திரை பொத்துவில், உகந்தை வழியாகக் காட்டுக்குள் போகிறது. திரும்பி வருபவர்களிடம் வயிற்றோட்டத்தையும் நீரிழப்பையும் எதிர்பாருங்கள். கொப்புளிப்பானும் கண்நோயும் பாடசாலைத் தவணையோடு ஏறி விடுமுறையோடு இறங்கும்.

வெள்ளம் வந்தால் நாட்காட்டியைப் புதிதாகத் தொடங்க வேண்டும். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஊர்கள் நீரில் கிடந்ததைப் பார்த்தோம். நீர் வீட்டுக்குள் புகுந்த நாளை முதல் நாளாக எண்ணுங்கள். முதல் வாரத்தில் வயிற்றோட்டம், தோல் புண், தடிமன். இரண்டாம் வாரத்தில் எலிக்காய்ச்சல். மூன்றாம் வாரம் வரை நெருப்புக்காய்ச்சல். நான்காம் வாரத்தில், எல்லாம் முடிந்தது என்று முகாம்கள் மூடி நிவாரண வாகனங்கள் திரும்பிய பிறகு, செங்கண்மாரி. ஈரல் அழற்சி ஏ கிருமி உடலில் சராசரியாக 28 நாள்கள் ஒளிந்திருக்கும். 50 நாள் வரையும் போகலாம். தேங்கிய நீரில் பெருகிய நுளம்பின் டெங்கும் அதே வாரங்களில் வந்து சேரும். வெள்ளத்துக்குப் பிந்திய கண்காணிப்பை இரண்டு வாரத்தில் நிறுத்துவது பெருந்தவறு. எட்டு வாரமாவது கொப்பியைக் கவனமாக எழுதுங்கள்.

படி 7: கொழும்பு அறிக்கையோடு ஒப்பிடுங்கள்

தொற்றுநோயியல் பிரிவின் இணையத்தளத்தில் வாராந்த அறிக்கை இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பிராந்தியம் பிராந்தியமாக ஓர் அட்டவணை இருக்கும். ஒவ்வொரு நோய்க்கும் 'ஏ', 'பீ' என்று இரு நிரல்கள்: முதலாவது அந்த வாரத்தில் அறிவிக்கப்பட்டோர், இரண்டாவது ஆண்டின் தொடக்கத்திலிருந்து மொத்தம். அட்டவணை எந்த வாரத்துக்கு உரியது என்பதைத் தலைப்பில் பாருங்கள். அறிக்கையின் முகப்பில் உள்ள வாரத்துக்கு அது முந்தியதாகவே இருக்கும்.

அம்பாறை மாவட்டத்தவர்கள் பலர் இங்கே வழுக்குகிறார்கள். அட்டவணையில் 'அம்பாறை' என்ற வரிசை மாவட்டம் முழுவதையும் குறிக்காது. சுகாதார நிர்வாகத்தில் அம்பாறை ஒரு பிராந்தியம், கல்முனை வேறொரு பிராந்தியம். கல்முனை, காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் கல்முனை வரிசையில் வருபவை. உகன, மகாஓயா, தெஹியத்தகண்டிய போன்றவை அம்பாறை வரிசையில் வருபவை. திருக்கோவில் வைத்தியர் அம்பாறை வரிசையைப் பார்த்து நிம்மதி அடைந்தால் அது அவருடைய ஊரின் செய்தியே அல்ல.

அட்டவணையின் ஓரத்தில் அறிக்கைகள் நேரத்துக்கு வந்தனவா, முழுமையாக வந்தனவா என்று காட்டும் இரண்டு விழுக்காடுகள் இருக்கும். அவை குறைவான வாரத்தில் நோய் குறைந்ததாகத் தெரிந்தால் நம்ப வேண்டாம். உங்கள் வரைபு உயர்ந்து, அதன் பிறகு அட்டவணையும் உயர்ந்தால், இடையில் எத்தனை வாரம் என்று குறியுங்கள். ஓரிரு பருவங்களில் உங்கள் கொப்பி எவ்வளவு முந்தி எச்சரிக்கிறது என்பது கையில் கிடைக்கும்.

படி 8: யாருக்கு, எப்போது அறிவிப்பது

1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் தனியார் வைத்தியரையும் கட்டுப்படுத்துகிறது. அறிவிக்க வேண்டிய நோய் என்று சந்தேகம் வந்தாலே 'ஹெல்த் 544' அட்டையை நிரப்பி, நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். ஆய்வுகூட உறுதிப்பாடு வரட்டும் என்று காத்திருப்பதற்குச் சட்டத்திலும் இடமில்லை, அறத்திலும் இடமில்லை. அட்டையில் முகவரி தெளிவாக இருக்கட்டும். 'கடற்கரை வீதி' என்று மட்டும் எழுதினால் பரிசோதகர் எந்தக் கதவைத் தட்டுவார்?

அட்டை தனி நோயாளிக்கானது. போக்கைச் சொல்லத் தொலைபேசி போதும். நான் பரிந்துரைக்கும் அளவுகோல் இது: மூன்று வாரச் சராசரி தொடர்ந்து இரண்டு வாரம் ஏறினால் அழையுங்கள். ஒரே கிராம சேவகர் பிரிவிலிருந்து ஒரு வாரத்தில் மூன்று வெறுங்காய்ச்சல் வந்தால் அழையுங்கள். ஒரே கிணற்றையோ ஒரே விருந்தையோ சேர்ந்த இருவருக்கு வயிற்றோட்டம் என்றால் அன்றிரவே அழையுங்கள். பேசும்போது, "காய்ச்சல் கூடுதலாக இருக்கிறது, ஐயா" என்று நிறுத்திவிடாதீர்கள். "இந்த வாரம் வந்த 200 பேரில் 30 பேருக்கு வெறுங்காய்ச்சல், போன வாரம் 18, கூடுதலானோர் இன்ன பிரிவிலிருந்து, பெரும்பாலும் பாடசாலைப் பிள்ளைகள்" என்று சொன்னால் பரிசோதகர் மறுநாள் காலை எந்தத் தெருவுக்குப் போவது என்று அங்கேயே முடிவாகிவிடும்.

படி 9: அறிந்ததை நோயாளிக்குத் திருப்பிக் கொடுங்கள்

வரைபு ஏறும் வாரத்தில் உங்கள் நடைமுறையும் மாற வேண்டும். வெறுங்காய்ச்சல் ஏறும்போது, மூன்றாம் நாளுக்குள் முழுமையான இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி அனுப்புங்கள். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் அதற்கு முன்பே வைத்தியசாலைக்கு அனுப்புவது நல்லது. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். ஐபுபுரோபென், டைக்குளோபெனாக், மெபனமிக் அமிலம் எவையும் கூடாது. பாமசியில் கேட்டு வாங்கவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் மகிழும் அந்த ஒன்றிரண்டு நாள்கள்தான் டெங்கின் ஆபத்தான கட்டம். வயிற்று நோவு, நிற்காத வாந்தி, இரத்தக் கசிவு, சோர்ந்து கிடத்தல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவென்றும் பாராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

வயிற்றோட்டம் ஏறும் வாரத்தில், நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புக் கலவையான ஜீவனிப் பொதிகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஒரு லீற்றருக்கான பொதியை, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் முழுவதுமாகக் கரைத்து, 24 மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். மிஞ்சினால் ஊற்றிவிட வேண்டும். வயலில் இறங்கப் போகிறவர் என்றால், எலிக்காய்ச்சலைத் தடுக்க வாரம் ஒருமுறை எடுக்கும் 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கச் சொல்லுங்கள். அது கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் உரியதல்ல.

தொடங்கச் சரியான மாதம் புரட்டாதி. மழைக்கு முந்திய சில வாரங்களின் அமைதியான எண்கள் கையில் இருந்தால்தான், கார்த்திகையில் ஏறுவது உண்மையில் ஏற்றமா என்று சொல்ல முடியும். இரண்டாம் ஆண்டில் சென்ற ஆண்டின் அதே வாரத்தோடு ஒப்பிடலாம். கொப்பியின் உண்மையான பயன் அங்கேதான் தொடங்குகிறது. அரச சேவையில் இருந்துகொண்டே மாலையில் சிகிச்சை நிலையம் நடத்தும் வைத்தியருக்கு இடமாற்றம் வரும். அப்போது கொப்பியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போகாமல், அந்த இடத்துக்கு வருபவரிடமோ உதவியாளரிடமோ ஒப்படைத்து, நிரல்கள் எவை, வாரம் எந்த நாளில் முடிகிறது, பணிமனையில் யாரிடம் பேசுவது என்பதை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.